உள்பக்கத் தாழ்ப்பாள்

இல்ல ஆசாரியண்ணே, அதுவும்தான். பாத்ரூம் கதவும்தான். நீங்க திரும்பத் திரும்பக் கேக்குறீங்க, நானும் திரும்பத் திரும்பச் சொல்றேன். உள்பக்கம் என்னென்ன தாழ்ப்பாள் இருக்கோ அத்தனையும் கழட்டணும். மேல இருக்கிறது, கீழ இருக்கிறது, அந்தக் கொக்கி, எல்லாந்தான். வாசக்கதவு மட்டும் இருக்கட்டும். அதைக்கூட கழட்டிடலாம், திருடன் வந்தா இங்க என்ன இருக்கு, வெட்டுத்துணிதான் இருக்கு. அள்ளிட்டுப் போனான்னா எனக்குப் பெருக்குற வேலை மிச்சம்.

சிரிக்காதீங்க, ஸ்குரூ வழுக்கிடப் போகுது. பழசு, துரு ஏறிக் கெடக்கு. எண்ணெய் வேணும்னா சொல்லுங்க, மெஷினுக்குப் போடற எண்ணெய் இருக்கு.

இருங்க, ஒரு நிமிஷம் தட்டாதீங்க.

ம். ஒண்ணுமில்ல. மெஷின் சத்தம் கேக்குதான்னு பாத்தேன். ஓடுது. நீங்க தட்டுங்க.

வாசல் ரூம்ல தைக்கிறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. நீங்க உள்ள வர்றப்போ வாயில ஊசிய வெச்சுக்கிட்டு தலையாட்டினாரே, அவரேதான். கோட்டு மாஸ்டர்னு கேட்டீங்கன்னா இந்தத் தெருவுல யாரு வேணா வீட்டைக் காட்டுவாங்க. இந்தப் பக்கத்துல மூணு தெருவுக்குள்ள யார் மாப்பிள்ளையாகி கோட்டுப் போட்டாலும் அது இவரு தச்சதாத்தான் இருக்கும். தோள்பட்டை உக்கார்ற அழகே தனி. நான் கட்டிக்கிட்டவருங்கிறதுக்காக சொல்லல, அவரு மேல எனக்கு ஆயிரம் கடுப்பு இருக்கு, ஆனா தையலுக்குக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிடும்.

குழந்தையா? குழந்தை எதுவும் உள்ள மாட்டிக்கலண்ணே. எங்களுக்கு ஒரே பொண்ணு, அது காலேஜ் போவுது. காலைல விஷயத்தக் கேட்டுட்டு, அப்போ நான் குளிக்கப் போனா பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கணுமான்னு மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிருக்கு. பாடுடின்னேன். அது பாடினா பக்கத்துல எவனும் வரமாட்டான், தாழ்ப்பாளே தேவையில்ல.

அந்த விரிசலா? கதவு நிலையில இருக்கே, அதையா கேக்குறீங்க? நல்ல கண்ணு உங்களுக்கு. பெயின்ட் அடிச்சு மறைச்சு வெச்சிருக்கோம், வர்றவங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. கரையான் இல்ல. அது இஸ்திரிப் பொட்டியால அடிச்சது. நான்தான் அடிச்சேன். இரும்புப் பொட்டி, கரி போடறது, இப்போ யாரு அதத் தூக்குறா, பரண் மேல கெடக்கு.

சரி, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். கொலக்குத்தமா பண்ணியிருக்கோம், மறைக்கறதுக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி இருக்கு. பைபோலார்ங்கிறாங்க. இருமுனைக் கோளாறுன்னு டாக்டரம்மா தமிழ்லயும் சொன்னாங்க. நாங்க வீட்டுல மேல, கீழன்னுதான் சொல்றது. மாஸ்டர் மேல இருக்காரு, மாஸ்டர் கீழ இருக்காரு. நடுவுல இருந்தாருன்னா ஒண்ணும் சொல்லமாட்டோம், வாயத் தெறந்தாலே கண்ணு பட்டுடுமோன்னு இருக்கும்.

மேல இருக்கறப்போ நீங்க அவரப் பாக்கணும். மயங்கிடுவீங்க. தூக்கம் கெடையாது, சாப்பாடு கெடையாது, பேச்சு மட்டும் கொட்டும். ஒரு தடவ ஸ்கூல்காரங்க யூனிஃபார்ம் தைக்க ஆளு தேடறாங்கன்னு கேள்விப்பட்டு, முழு ஸ்கூலுக்கும் நான் ஒருத்தனே தச்சுடறேன்னு போயி வாங்கிட்டு வந்துட்டாரு. வீடு முழுக்க நீலத்துணி. படுக்க எடம் இல்ல. இன்னொரு தடவ சட்டைக்கெல்லாம் முதுகுல பாக்கெட் வெச்சாரு. ஏங்கன்னா, முன்னாடி வெச்சா திருடன் கண்ணுல படுதுல்ல, இத எவனாவது யோசிச்சிருக்கானா பாருங்கறாரு. யாரு யோசிப்பா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது எனக்கு, சிரிச்சுக்கிட்டே பயந்துக்கிட்டும் இருந்தேன்.

எல்லாமே சிரிக்கிற மாதிரி இருக்காதுல்ல. எங்க கொழுந்தன் கல்யாணத்துல, நாலு பேரு நடுவுல நாற்காலி மேல ஏறி நின்னு, நீ போட்டிருக்கிற கோட்டுலருந்து தின்ன சோறு வரைக்கும் நான் போட்டதுடான்னு கூடப்பொறந்தவனப் பாத்துச் சொல்லிட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி. அந்தத் தம்பி தலையக் குனிஞ்சது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. அந்த நாள்லருந்து இந்த வீட்டுப் பக்கம் வர்றதில்ல.

கீழ வந்தாருன்னா அதெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கும் அண்ணே. அதான் கொடுமை. குடிச்சிட்டுப் பேசினவன்கூட காலைல மறந்துடறான். இவருக்கு மறதியே கெடையாது. கட்டிங் டேபிளுக்கு அடியில துணிக்குவியல் மேல சுருண்டு படுத்துக்கிட்டு, தம்பிகிட்ட சொன்னத சொல்லிச் சொல்லி அழுவாரு. மேல போனவன் பேசிட்டுப் போயிடறான், கீழ வந்தவன்தான் எல்லார் மூஞ்சியிலயும் முழிக்க வேண்டியிருக்குன்னு ஒரு நாள் சொன்னாரு. ரெண்டும் நீதானேய்யான்னு நான் சொல்லல.

அதுலயும் இவருக்குத் தையக்கார புத்தி வேற. ஒரு எடத்துல தையல் கோணிடுச்சுன்னா, அந்த எடத்த மட்டும் பிரிச்சுத் தைக்கலாம்ல, மாட்டாரு. முழுச் சட்டையையும் பிரிப்பாரு. வாழ்க்கையையும் அப்படியேதான் பாக்குறாரு. ஒண்ணு சரியில்லன்னா மொத்தமும் குப்பைன்னு. எத்தன தடவ எந்திரிச்சு வந்திருக்கீங்க, இந்தத் தடவையும் வந்துடுவீங்கன்னு நான் சொன்னா, அதான்டி, எந்திரிச்சு என்ன பண்ண, திரும்ப விழத்தானேங்கறாரு. அதுக்கு என்னண்ணே சொல்றது? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

இல்ல, தெரியாதுன்னு சொல்றீங்கள்ல, அதுவே பெருசு. மத்தவங்கல்லாம் உடனே ஒண்ணு சொல்லிடுவாங்க. எங்க மாமியார் உயிரோட இருந்த வரைக்கும், அவனுக்கு வேலை குடு, வேலை செஞ்சா எல்லாம் சரியாப் போயிடும், சோம்பேறித்தனம்தான் வியாதின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பெத்தவங்க, வேற என்ன சொல்லுவாங்க பாவம்.

அந்த ஸ்குரூவ கீழ போட்டுட்டீங்க. இதோ, என் கால்கிட்ட இருக்கு, இந்தாங்க.

இஸ்திரிப் பொட்டிதானே, வர்றேன், வர்றேன். எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. நாங்க அவரு மூஞ்சியப் பாத்து எதையும் தெரிஞ்சுக்கறதில்ல, மெஷினக் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். நான் அடுப்படியில நின்னாலும் காது அங்கதான். வேகமா, நிக்காம, மூச்சு விடாம ஓடுச்சுன்னா மேல. சத்தமே இல்லன்னா கீழ. ஓடி, நின்னு, துணியத் திருப்பி, திரும்ப ஓடி, ஒரே சீரா போச்சுன்னா அப்பாடான்னு இருக்கும். என் பொண்ணு சின்னதுலருந்தே அந்தச் சத்தத்துலதான் தூங்கும், படிக்கும். மாமியாரும் அப்படித்தான். சீராத்தான்டி ஓடுதுன்னு சொல்லிட்டு மத்த வேலையெல்லாம் பாக்கப் போயிடுவாங்க. எங்களுக்கு அதான் தெர்மாமீட்டர்.

அந்த வருஷம் ரொம்ப கீழ போயிட்டாரு. மெஷின் மேல தூசு படிஞ்சு கெடந்துது. அப்புறம் ஒரு நாள் காலைல எந்திரிச்சு, குளிச்சு, தலை சீவி, போயி உக்காந்தாரு. மெஷின் ஓடுச்சு. எவ்ளோ சீரா ஓடுச்சுங்கறீங்க. எங்க மூணு பேருக்கும் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மாமியார் பாத்தியா நான் சொன்னேன்லன்னாங்க. எனக்கும் அன்னைக்கு அவங்களக் கட்டிக்கணும் போல இருந்துது.

பழசு எல்லாத்தையும் எடுத்தாரு. யார் யாரோ குடுத்துட்டு, வந்து வந்து கேட்டு, சலிச்சுப்போயி விட்டுட்ட துணியெல்லாம். பேன்ட்டு, ஸ்கர்ட்டு, கீழ் வீட்டு நர்ஸம்மாவோட ஜன்னல் திரை. எல்லாத்தையும் தச்சு, காஜா எடுத்து, பட்டன் கட்டி, இஸ்திரி போட்டு, பேரு எழுதி அடுக்கினாரு. நூல் பிசிறு ஒண்ணு விடல. வந்து வாங்கிக்கிட்டவங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். லேட்டானதுக்கு மன்னிப்பு வேற கேட்டாரு ஒவ்வொருத்தர்கிட்டயும். டாக்டர்கிட்ட, அப்போ வேற டாக்டரு, கூட்டிட்டுப் போனேன், அவரும் நல்ல முன்னேற்றம்னாரு. அழறதில்ல, கத்தறதில்ல, எங்கிட்ட அவ்ளோ தன்மையா பேசுறாரு. நீ நாத்தனார் வீட்டுக்குப் போயி எவ்ளோ நாளாச்சு, போயிட்டு வா, நான்தான் நல்லாருக்கேனேன்னாரு. போனேன். பொண்ணு ஸ்கூல்ல இருந்துது, மாமியார் தூங்கிக்கிட்டிருந்தாங்க.

பஸ்ஸுல உக்காந்திருக்கேன். நல்ல காத்து. என் பொண்ணுக்கு குளிருக்கு ஒரு கோட்டு தச்சிருந்தாரு முந்தின நாள், அத நெனச்சுக்கிட்டே போறேன். ரெண்டளவு பெருசா தச்சிருந்தாரு. தோளெல்லாம் தொங்குது அதுக்கு. யாருக்கு அளவெடுத்தீங்கன்னு நான் கிண்டல் பண்ணினேன். அதுக்கு அவரு, இருக்கட்டும், இன்னும் வளருவால்ல, அப்போ யாரு தச்சுக் குடுக்கறதுன்னாரு. நானும் சிரிச்சேன்.

பஸ்ஸுலதான் அண்ணே அது எனக்கு உறைச்சுது. அப்போ யாரு தச்சுக் குடுக்கறது.

எறங்கிட்டேன். எங்க எறங்கினேன், எப்படி வந்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வந்து பாத்தா மெஷின் மூடி வெச்சிருக்கு, உறை போட்டு. இந்த பாத்ரூம் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. கூப்பிட்டேன், பதில் இல்ல. இஸ்திரிப் பொட்டி கைக்குக் கெடச்சுது. அவ்ளோதான். உள்ள என்னன்னு நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்காதீங்க. உயிரோட வெளிய கொண்டு வந்தோம், கீழ் வீட்டு நர்ஸம்மா ஓடி வந்தாங்க, அவங்க இல்லன்னா இவரு இல்ல.

என் தப்புன்னு சொன்னவங்க இருக்காங்க. ஏன் விட்டுட்டுப் போனன்னு. நான் அத ஏத்துக்கல, இன்னைக்கும் ஏத்துக்கமாட்டேன். மெஷின் சீரா ஓடினா நல்லாருக்காருன்னு வீடே நம்புச்சு, டாக்டரே நம்பினாரு. அழுகைக்கும் கத்தலுக்கும்தான் பயப்படணும்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடலாம்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டா, அதுவும் சீராத்தான் ஓடும்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

இப்போ பாக்குற டாக்டரம்மாதான் எல்லாம் வெளக்கமா சொன்னாங்க. அடியோட கீழ கெடக்கறப்போகூட அவ்ளோ பயமில்லையாம், கை கால் அசைக்கவே தெம்பு இருக்காதாம். தெம்பு முதல்ல வந்துடுமாம், நம்பிக்கை அப்புறமாத்தான் வருமாம். அந்த நடுவுல இருக்கற காலம்தான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும்னாங்க. இன்னும் ஒண்ணு இருக்காம், மேலயும் கீழயும் ஒண்ணா வர்றது. மனசு செத்துக் கெடக்கும், கை மட்டும் பரபரன்னு இருக்கும். அது எல்லாத்தவிடவும் மோசமாம். ஆனா அந்த வேகம் நாள் பூரா நிக்காதாம். அடுப்புல பால் பொங்குற மாதிரிதானாம், அந்த நேரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளு இருந்து எறக்கி வெச்சுட்டா தணிஞ்சுடுமாம். அதுக்குக் கதவு தெறக்கணுமில்ல.

ஏன் அப்பவே கழட்டலன்னா? நல்லா கேட்டீங்க. ஒடஞ்ச தாழ்ப்பாளுக்கு பதிலா அடுத்த வாரமே புதுசு போட்டாங்க எங்க மாமியார். ஊரு ஒரு மாதிரி பேசுமாம். அவங்க போனப்புறம் நான் கழட்டப் பாத்தேன். அவரு கீழ இருந்த நேரம், ஸ்குரூ டிரைவரக் கையில எடுத்ததுமே வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. என்னை நம்பலியா, நான் என்ன கைதியான்னு ஒரே அழுகை. விட்டுட்டேன். மேல இருந்தப்போ ஒரு தடவ பேச்செடுத்தேன், எனக்கென்ன வியாதின்னு கத்திட்டு வீட்ட விட்டே போயிட்டாரு, தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எங்க உயிரே போயிடுச்சு. மாத்திரையையும் அப்போ நிறுத்திட்டாரு. மாத்திரை போட்டா கை மரத்துப் போவுதாம், அந்தப் பழைய வேகம் வரலியாம். அந்த வேகம்தான் உங்களக் கொல்லுதுன்னு நான் சொன்னா, அது இல்லன்னா நான் வெறும் பேன்ட்டு மடிக்கிறவன்டின்னாரு.

அதனால நான் என்ன பண்ணுவேன், அவரு பாத்ரூம் போனா இந்த எடத்துல வந்து நின்னுக்குவேன். துணி மடிக்கிற மாதிரி, செவுத்தத் தொடைக்கிற மாதிரி. இந்தச் செவுரு பளபளன்னு இருக்கு பாருங்க, வீட்டுல இதான் சுத்தமான செவுரு. பேச்சுக் குடுத்துக்கிட்டே நிப்பேன். அப்படியே பேசிப் பேசி இப்படி ஆயிட்டேன். முன்னாடி நான் அதிகம் பேசாத பொம்பள. இப்போ வாய மூடினா எனக்கு மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது.

இப்போவா? இப்போ நல்லாத்தான் இருக்காரு. மாத்திரை போடறாரு, தூங்கறாரு, நீங்களே பாத்தீங்களே. கேளுங்க, எவ்ளோ சீரா ஓடுது.

நேத்துலருந்து பழைய துணியெல்லாம் எடுத்துத் தைக்க ஆரம்பிச்சிருக்காரு அண்ணே.

எனக்கு பயமா இருக்கு. மறைக்கல. டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிட்டேன், சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க, பொண்ணும் சீக்கிரம் வந்துடும், மூணு பேருமா போறோம். கொழுந்தனுக்கும் போன் பண்ணினேன், எத்தனையோ வருஷம் கழிச்சு. விஷயத்தச் சொன்னேன். வர்றேன் அண்ணின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுடுச்சு. வரும்னு நெனைக்கிறேன். ராத்திரி பூரா அவரு கால் ஒரு எடத்துல நிக்கல. படுத்துக்கிட்டே பாதம் ஆடிக்கிட்டே இருந்துது, மெஷின் மெதிக்கிற மாதிரி. என்னங்கன்னு கேட்டா ஒண்ணுமில்ல தூங்குங்கறாரு. இது சும்மா ஒரு மனுஷன் பாக்கி வேலைய முடிக்கிறதாவும் இருக்கலாம். இருக்கலாம்தானே? ஆனா நான் எத வெச்சு நம்புவேன் சொல்லுங்க. சிரிச்சாலும் பயம், சிரிக்காட்டியும் பயம். கட்டின புருஷன் நல்லாருக்காருன்னு சந்தோஷப்படக்கூட எனக்குக் குடுத்து வைக்கல.

இருங்க.

தட்டாதீங்க. நின்னுடுச்சு.

என்னங்க? ஏங்க? மாஸ்டரே, காது கேக்குதா?

இல்ல, நீங்க இங்கயே இருங்க, நான் பாத்துட்டு வந்துடறேன்.

ஒண்ணுமில்லண்ணே. பாபின்ல நூல் தீந்துடுச்சாம். மாத்திக்கிட்டிருக்காரு. எதுக்குடி இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றன்னு கேக்குறாரு. உங்களுக்கு டீ வேணுமான்னு கேக்க வந்தேன்னு சொன்னேன். வேணாம்னா விடுங்க, எனக்குப் போட்டுக்கறேன்.

இந்தக் கீழ் தாழ்ப்பாளும் வந்துடுச்சா? அவ்ளோதானே. ஓட்டைய எதையாவது வெச்சு அடைச்சு விட்டுடுங்க. இல்ல, கழட்டினதெல்லாம் இங்க வைக்காதீங்க, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க.

என்ன அண்ணே, திடீர்னு கொரலத் தாழ்த்திட்டீங்க? அவருக்குத் தெரியுமாவா? பாத்தா சண்டைக்கு வருவாரேன்னு பயப்படறீங்களா?

உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னதே அவருதான். காலைல பல்லு வெளக்கிட்டு வந்து அடுப்படி வாசல்ல நின்னாரு. தாழ்ப்பாளையெல்லாம் இன்னைக்கே கழட்டிடச் சொல்லுன்னாரு. ஏங்கன்னேன். இன்னைக்கு நான் இருக்கேன், கழட்ட விடுவேன், நாளைக்கு வர்றவன் விடமாட்டான், அழுவான், கெஞ்சுவான், உன்மேல சத்தியம்பான், அவன் பேச்சக் கேக்காதன்னாரு. சொல்லிட்டு, டீல சக்கரை பத்தலன்னு டம்ளர நீட்டினாரு. போட்டுக் குடுத்தேன்.